மருந்து மாஸ்க்

வெள்ளை வேன் தோட்டத்து ஸ்டோர் வாசலில் வந்து நின்றபோது, ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி குகனேஸ்வரன் உர மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து மூன்றாவது முறை. மூட்டைகள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இருந்தாலும் எண்ணினான். எண்ணி முடித்ததும் தராசைத் துடைத்தான், வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான். மனைவி சாந்தினி இறந்து பத்து மாதமாகிறது. அன்றிலிருந்து அவனால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. அழுகை வரவில்லை. கால்தான் நிற்கவில்லை.

வேனிலிருந்து இருவர் இறங்கினார்கள். நடுவயது ஆண் ஒருவர், இளம்பெண் ஒருத்தி. கழுத்தில் அமைச்சின் அட்டை. கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி ஒன்பது வாரம். முகக்கவசம் பதுக்குகிறவர்களைப் பிடிக்கிறோம் என்று வானொலியில் தினமும் சொன்னார்கள். புகார் கொடுக்க ஒரு எண்ணையும் சொன்னார்கள். கம்போங் ராஜாவில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். தேயிலைத் தோட்டத்துக்கு மேலே வருவார்கள் என்று அவன் நினைக்கவில்லை.

நினைக்கவில்லை என்பது பொய். தினமும் நினைத்தான்.

யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் பத்துப் பெட்டி இருந்தது. பெட்டிக்கு இருபது. ஆக இருநூறு மாஸ்க். துணி மாஸ்க் அல்ல. மூக்கின்மேல் கூம்பாக நிற்கும் கெட்டியான வகை. களைக்கு மருந்து அடிக்கும் பதினோரு பேருக்கானவை. மருந்து கேங் என்று பெயர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு சரிவு சரிவாக ஏறுகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள். முன்பெல்லாம் ஆளுக்குத் தினம் ஒன்று கொடுப்பான். மார்ச்சில் மாஸ்க் கிடைக்காமல் போனது. மேனேஜர் திருச்செல்வம் வந்து ஒருநாள் ஆறு பெட்டி எடுத்துப் போனார். ஈப்போவில் கூட்டாளிகள் கேட்கிறார்கள் என்றார். அடுத்த வாரம் மூன்று பெட்டி. அன்று மாலையே குகன் பத்துப் பெட்டியை மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினான். இருப்பு அட்டையில் 'நனைந்து பழுது' என்று எழுதினான்.

அதுவரை சரி. அதற்குப் பிறகு அவனே ஒரு விதி வைத்தான். ஆளுக்கு வாரம் ஒன்று. திங்கட்கிழமை கொடுப்பது சனிக்கிழமைவரை வர வேண்டும். பின்னால் இருந்த பத்தில் ஒன்றைக்கூட அவன் தொடவில்லை. இதைவிட மோசமான நாள் வரும், அன்றைக்கு வேண்டும் என்று வைத்திருந்தான்.

நடுவயது அதிகாரி உள்ளே வந்து மலாயில் கேட்டார். "உபாட் எல்லாம் எங்கே?"

உபாட் என்றால் நோய்க்குத் தரும் மருந்து. "இங்கே மருந்து கிடையாது. டிஸ்பென்சரி ஆபீஸுக்குப் பக்கத்தில்," என்றான் குகன்.

அதிகாரி கைபேசியைப் பார்த்துப் புகாரை வாசித்தார். தோட்டத்து ஸ்டோரில் நிறைய உபாட் இருக்கிறது. உபாட் மாஸ்க்கும் இருக்கிறது. பூட்டி வைத்துக்கொண்டு ஆட்களுக்குத் தருவதில்லை.

உபாட் மாஸ்க். குகன் அந்தச் சொல்லை மனதுக்குள் திருப்பிப் பார்த்தான். அப்படி ஒரு சொல் மலாயில் இல்லை. களைக்கு அடிப்பதை மலாயில் ராச்சுன் என்பார்கள். விஷம். தமிழில்தான் களைக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. யாரோ மருந்து மாஸ்க் என்று தமிழில் நினைத்து, மலாயில் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்.

"வாங்க, காட்டுகிறேன்," என்றான்.

உள்ளறையைத் திறந்தான். நெடி முகத்தில் அடித்தது. இளம்பெண் தும்மினாள். கேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மண்டையோடும் எலும்பும்.

"இதுதான் அவர்கள் சொன்ன உபாட். தமிழில் இதற்கும் அதே பெயர்தான்."

அதிகாரி ஒரு கணம் கேனைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "இந்த உபாட்டைக் குடித்தால் கொரோனா செத்துவிடும். ஆளும் கூடவே போய்விடுவான்."

இளம்பெண்ணும் சிரித்தாள். அவர்கள் வாசல்பக்கம் திரும்பினார்கள். குகன் மூச்சை விட்டான்.

"அப்படியானால் அந்த மாஸ்க்?" என்றார் அதிகாரி, ஏதோ நினைவு வந்தவர்போல.

குகன் அலமாரியைக் காட்டினான். ஒரே ஒரு பெட்டி, அதுவும் பாதி. "இவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அதிகாரி அலமாரியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தார். வேன் வந்ததிலிருந்து இந்த ஆள் ஒரு நிமிடம் நின்றதில்லை. சாவியை உருட்டினான், கதவைத் தள்ளினான், தராசைத் தொட்டான். இப்போது மூட்டை அடுக்குக்கு முன்னால் அசையாமல் நிற்கிறான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்," என்றார்.

மூட்டைகளை இறக்க இளம்பெண்ணும் கை கொடுத்தாள். ஐந்தாவது மூட்டைக்குப் பின்னால் முதல் பெட்டி தெரிந்தது. அதிகாரி எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசைமேல் அடுக்கிப் படம் பிடித்தார். இருப்பு அட்டையைக் கேட்டார். பழுது என்று எழுதியிருந்த வரியின்மேல் விரலை வைத்தார். பெட்டிகள் புதிதாக, ஒட்டுப் பிரியாமல் இருந்தன.

"இதற்கு எங்கள் மொழியில் சொரோக் என்று பெயர். உங்கள் மொழியில்?"

"பதுக்கல்," என்றான் குகன்.

மேனேஜருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஜீப் வந்து நின்றது. திருச்செல்வம் பெட்டிகளைப் பார்த்தார். தன்னிடம் பழுது என்று சொல்லப்பட்ட பத்துப் பெட்டியை எண்ணினார். காது சிவந்தது.

"எனக்கு ஒன்றும் தெரியாது, துவான். சாவி இவனிடம்தான். கையெழுத்தும் இவனுடையது," என்றார் மலாயில். பிறகு தமிழில், குரலைத் தாழ்த்தி, "படிச்சவன்னு நம்பி சாவிய குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். பொருள் பறிமுதலாகும், வேனில் ஏறும், வழக்கு முடியும்வரை கிடங்கில் இருக்கும் என்றார். குகன் தானா ராத்தாவிலுள்ள அலுவலகத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

தன்னைக் கூட்டிப்போவது குகனுக்கு உறைக்கவில்லை. இருநூறும் கிடங்குக்குப் போகும் என்பதுதான் உறைத்தது. வருகிற திங்கட்கிழமையோடு அலமாரிப் பெட்டி காலி. அதற்கடுத்த திங்கட்கிழமை பதினோரு பேரும் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு பம்பு தூக்குவார்கள். அதில் ஒருத்தி வேலம்மா. சாந்தினியின் அம்மா. இரண்டு மாதமாக இருமுகிறாள். தொழிலாளர் லயத்தில் ஒரே வீட்டில், இரண்டு மெல்லிய சுவர்களுக்கு அப்பால் அவன் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறான்.

"துவான், இது தோட்டத்து ஆட்களுக்கானது," என்றான். "மருந்து அடிக்கிறவர்களுக்கு. நான் விற்கவில்லை."

"விற்றால்தான் குற்றம் என்று யார் சொன்னது? வேண்டியவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தீர்களே."

குகன் மேசையில் சரிந்திருந்த ஒரு பெட்டியை நேராக வைத்தான்.

அந்த நேரம் பார்த்து மருந்து கேங் இறங்கி வந்தது. பத்து மணிக்கு பம்பு நிரப்ப வருவது வழக்கம். முன்னால் கங்காணி தங்கையா. பின்னால் பெண்கள், ரப்பர் பூட்ஸ் சளக் சளக் என்று. முகத்தில் திங்கட்கிழமை கொடுத்த மாஸ்க், வியாழக்கிழமைக்கு நெளிந்து, ஓரம் மஞ்சளாகி.

பவளம்தான் முதலில் பார்த்தாள். எதற்கும் வாயடைத்துப் போகாதவள். "ஏ தங்கையாண்ணே, இங்க பாருங்க. பாசார் மாலாம் சந்தை போட்டுட்டாங்க லா. மாஸ்க் என்னா வெல?"

"சும்மா இரு புள்ள. கவர்மெண்ட் ஆளுங்க," என்றார் தங்கையா.

"நம்ம ஸ்டோர்ல இம்புட்டு இருந்திச்சா? கிராணி நமக்கு ஒண்ணு குடுக்கறதுக்கே அவரு கல்லீரலப் புடுங்கிக் குடுக்கற மாதிரி குடுப்பாரே!"

ஓரிருவர் சிரித்தார்கள். வேலம்மா சிரிக்கவில்லை. பம்பை இறக்காமல் மேசையைப் பார்த்தபடி நின்றாள். மருமகனைப் பார்த்தாள். அதிகாரியின் குறிப்பேட்டைப் பார்த்தாள். மேனேஜர் கைகட்டி ஓரமாக நின்ற நிற்பைப் பார்த்தாள்.

"மாப்ள," என்றாள். "இவங்க யாரப் புடிக்க வந்துருக்காங்க?"

"என்னை."

"தொரைய இல்லியா?"

"சாவி என்கிட்டதானே இருக்கு, அத்தை."

வேலம்மா பம்பின் வாரைத் தோளிலிருந்து கழற்றினாள். தரையில் வைத்தாள். அந்தச் சின்ன நேரத்தில் குகனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினான். மேனேஜர் நிற்கிறார். தோட்டத்தைப் பற்றி வெளியே புகார் கொடுத்தவர்களுக்கு அடுத்த மாதம் வேலை இருக்காது; வேலை இல்லையென்றால் வீடும் இருக்காது.

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"துவான்," என்றாள் அதிகாரியிடம். அவளுக்குத் தெரிந்த மலாய் சந்தைக்குப் போதுமானது, அவ்வளவுதான். அதை வைத்தே தடதடவென்று பேசினாள். போன் பண்ணது நான்தான். எங்களுக்கு வாரம் ஒரு மாஸ்க். ஈரமானாலும் அதேதான். தொரை பூட்டி வெச்சிருக்கார்னு நினைச்சேன். அதான் சொன்னேன்.

"உபாட் என்று சொன்னது நீங்களா?"

"ஆமா துவான். உபாட். தேயிலைக்குள்ள புல்லு இருக்கில்ல, அதுக்கு அடிக்கற உபாட்."

"அது ராச்சுன், அம்மா. விஷம்."

வேலம்மாவுக்கு முகம் சுருங்கியது. "விஷமா? முப்பது வருஷமா முதுகுல தூக்கறேன். யாரும் எங்கிட்ட விஷம்னு சொல்லலியே," என்றாள் தமிழிலேயே. பிறகு குகனிடம், "விஷம்னா அந்தாளு சொல்றாரு?"

"டப்பாவுல எழுதியிருக்கு, அத்தை."

"எழுதியிருந்தா? எனக்குப் படிக்கத் தெரியும்னு எழுதியிருக்காங்களா?"

மேனேஜர் கட்டியிருந்த கையைப் பிரித்து, "வேலம்மா, நீயா போன் பண்ணே?" என்றார். கேள்வி மெதுவாகத்தான் வந்தது. எல்லாருக்கும் கேட்டது.

"நான்தான் தொரை. உங்க பேரச் சொல்லித்தான் பண்ணேன். ஆள் மாறிப் போச்சு." பிறகு குகன் பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. "ஏங்க, கிராணி ஐயா. இது உள்ள இருக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் இருமறது ஒங்களுக்குக் கேக்குமில்ல?"

"கேக்கும்."

"அப்புறம் எதுக்குங்க வெச்சிருந்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். மேனேஜர் எடுத்துப்போய்விடுவார் என்று ஒளித்தேன் என்று சொல்லலாம். அது உண்மை. ஆனால் அவள் கேட்டது அதையல்ல. "தீந்து போச்சுன்னா அப்புறம் இல்லையே அத்தை," என்றான். "இன்னும் மோசமா வந்துச்சுன்னா என்ன பண்றதுன்னு..."

"இன்னும் மோசமாவா?" வேலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்கு மேல ஒங்களுக்கும் எனக்கும் என்னங்க வரப்போவுது?"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்தியிருந்தார். இளம்பெண்ணோடு ஏதோ பேசினார். மேசைக்கு வந்து ஒரு பெட்டியைத் தட்டினார்.

"வியாபாரச் சரக்கு என்று எழுதினால் இது வேனில் ஏறும். வேலையாட்களின் பாதுகாப்புப் பொருள் என்று எழுதலாம். எழுதினால் அது வேலையாட்கள் கையில் இருக்க வேண்டும். அலமாரியில் அல்ல, மூட்டைக்குப் பின்னால் அல்ல. எத்தனை பேர்?"

"பதினோரு பேர்," என்றார் தங்கையா.

மேனேஜர் முன்னால் வந்தார். "நல்ல யோசனை, துவான். தோட்டத்துப் பொருள்தானே. ஆபீஸுக்குக் கொண்டுபோய் முறைப்படி நானே பிரித்துக் கொடுக்கிறேன். நீங்கள் சிரமப்பட வேண்டாம்."

"சிரமம் இல்லை. இங்கே, இப்போது, எனக்கு முன்னால்," என்றார் அதிகாரி. "ஒவ்வொருவரும் கையெழுத்து. தெரியாதவர்கள் கைநாட்டு. மேனேஜர், நீங்கள் சாட்சிக் கையெழுத்து."

குகன் பெட்டிகளைப் பிரித்தான். ஒட்டைக் கிழிக்குமுன் ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்த்தான். ஒன்பது வாரம் தொடாமல் காத்தது. ஆளுக்குப் பதினெட்டு என்று தங்கையா கணக்குச் சொன்னார். பெண்கள் வரிசையில் வந்தார்கள். பவளம் தன் பங்கை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு, "கிராணி, எண்ணிக் குடுத்தீங்களா, இல்ல பழைய பழக்கத்துல ரெண்டு கொறச்சுட்டீங்களா?" என்றாள். வேலம்மா கடைசியாக வந்தாள். கட்டை விரலை மையில் அழுத்தி வைத்தாள். பழைய மாஸ்க்கை அங்கேயே கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினாள். பம்பை நிரப்பிக்கொண்டு மேலே ஏறினாள்.

மேசையில் இரண்டு மிஞ்சியது. மேனேஜர் கை நீட்டுவதற்குள் பவளம் இரண்டையும் எடுத்துக் குகன் சட்டைப்பையில் செருகினாள். "வெச்சுக்குங்க. மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வைங்க," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இருப்பு அட்டையில் பழுது என்று பொய் எழுதியதற்கு அதிகாரி எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை எழுதிக் குகனிடம் கையெழுத்து வாங்கினார். தானா ராத்தாவுக்கு இனி வர வேண்டியதில்லை என்றார். வேனில் ஏறுமுன் மேனேஜரிடம் சொன்னார். "புகார் கொடுத்தவருக்கு ஏதாவது ஆனால் எனக்குத் தெரியவரும். அந்த அம்மாவிடம் எங்கள் நம்பர் இருக்கிறது."

வேன் வளைவைத் தாண்டியதும் திருச்செல்வம் கையை நீட்டினார். "சாவி."

குகன் கொடுத்தான்.

"அந்தப் பொம்பளைய ஒண்ணும் பண்ண முடியாது. ஒன்னைப் பண்ணலாம். நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்து நில்லு. ஸ்டோர்ல இல்ல. மருந்து கேங்குல. நீ படிச்ச படிப்புக்கு களை எங்க இருக்குன்னாச்சும் தெரியும்ல?"

மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டு வரிசையில் குகன் நின்றான். தங்கையா பேர் வாசித்துவிட்டு அவன் முதுகில் பம்பை ஏற்றினார். பதினாறு லிட்டர். சரிவில் பத்தடி ஏறியதும் பட்டை தோளை அறுத்தது. ஆறாம் நம்பர் மலை. தேயிலைச் செடிகளுக்கு இடையில் ஒரு ஆள் ஒடுங்கிப் போகும் அளவுதான் வழி. ஒரு கை பம்பை அடித்தது, மறு கை குழாயைப் பிடித்தது. நிற்க முடியாது, நின்றால் பின்னால் வருகிறவள் மோதுவாள். மாஸ்க்குக்குள் அவன் மூச்சே அவனுக்குத் திரும்பி வந்தது, சூடாக, ஈரமாக. பத்து மணிக்குள் அது நனைந்துவிட்டது. மூக்கில் நெடி ஏறத் தொடங்கியது. இப்படி நனைந்ததைத்தான் சனிக்கிழமைவரை போட்டுக்கொள்ளச் சொன்னான்.

அவனுக்கு முன்னால் மூன்றாவது நிரையில் வேலம்மா. நேற்றிலிருந்து அவனிடம் பேசவில்லை. இடையிடையே நின்று இருமினாள். இருமி முடித்ததும் அதே வேகத்தில் நடந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு வேலை விட்டார்கள். ரோட்டோரக் குழாயில் எல்லாரும் கை கழுவினார்கள். மாஸ்க்குகளைக் கழற்றிக் குப்பை ட்ரம்மில் எறிந்தார்கள். பவளம் தன்னுடையதைத் தூரத்திலிருந்து குறிபார்த்து எறிந்து, விழுந்ததும் கைதட்டினாள். "அடேயப்பா, பணக்காரி ஆயிட்டேன் லா!"

குகன் தன் மாஸ்க்கை மெல்லக் கழற்றினான். உதறினான். ஓரங்களைச் சேர்த்து இரண்டாக மடித்தான். சட்டைப்பைக்குக் கொண்டுபோனான்.

கை வந்து அதைப் பிடுங்கியது. வேலம்மா.

"அது நாளைக்கு ஆவும், அத்தை."

"ஆவாது." அவள் அதைக் கசக்கினாள். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. ட்ரம்மில் போட்டாள்.

"என்கிட்ட இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

"எங்கிட்ட பதினாறு இருக்கு."

"ரெண்டு பேருக்குன்னா எட்டு நாள்தான் வரும். அப்புறம்?"

வேலம்மா முகத்தைக் கழுவினாள். தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"அப்புறம் மறுபடியும் போன் பண்றேன்," என்றாள். "வாங்க மாப்ள. சோறு ஆறிப்போவுது."

அவள் லயத்துப் பாதையில் இறங்கினாள். குகன் தன்னுடையதும் அவளுடையதுமாகக் காலி பம்பு இரண்டையும் எடுத்து இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு பின்னால் போனான்.